கூட்டு முறிந்தது, விமானத்துக்குள் கைது!
எண்ணெய் கோடீசுவரர் ஜெயிலுக்குப் போன கதை

2003-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி. விடியற்காலை நேரம். ரஷியாவில் சைபீரியா பகுதியில் உள்ள நோவோசிபிர்ஸ்க் விமான நிலையம்.

ஒரு தனி விமானம் எண்ணெய் நிரப்புவதற்காக இறங்கியது. அடுத்த நிமிடம், துப்பாக்கியும் கையுமாக அதிரடிப்படையினர் உள்ளே புகுந்தனர். உள்ளே இருந்தவரைப் பிடித்து மாஸ்கோவுக்குக் கொண்டு போனார்கள்.

பிடிபட்டவர் சாதாரண ஆள் அல்ல. ரஷியாவின் முதல் பணக்காரர், மிகைல் கோடர்கோவ்ஸ்கி. வயது 40. யூகோஸ் என்ற எண்ணெய்க் கம்பெனியின் அதிபர். சொத்து சுமார் 1,500 கோடி டாலர்!

மோசடி, வரி ஏய்ப்பு என்று குற்றச்சாட்டுகள். ஆனால் கதை தொடங்கியது அன்று அல்ல. 8 வருடம் முன்னால் போக வேண்டும்.

அடகு மூழ்கியது

1995-ம் ஆண்டு. சோவியத் யூனியன் உடைந்து 4 ஆண்டு ஆகி இருந்தது. கஜானா காலி. தொழிலாளிக்கு சம்பள பாக்கி. வயதானவர்களுக்கு பென்ஷன் பாக்கி. ஜனாதிபதி எல்ட்சினுக்கு அடுத்த ஆண்டு தேர்தல். ஓட்டு கேட்டுப் போக முகம் இல்லை.

அப்போது பாங்கு முதலாளிகள் ஒரு யோசனை சொன்னார்கள். அரசாங்கத்துக்கு நாங்கள் கடன் தருகிறோம். பதிலுக்கு எண்ணெய், நிக்கல் கம்பெனிகளின் பங்குகளை அடகு வையுங்கள் என்றார்கள்.

அடகு கடை பக்கம் போனவர்களுக்கு மீதிக் கதையை சொல்ல வேண்டியது இல்லை. அரசாங்கம் கடனைத் திருப்பவில்லை. பொருள் மூழ்கியது. ஏலம்! இதில் வேடிக்கை என்னவென்றால், பல இடங்களில் கடன் கொடுத்தவரே ஏலம் விட்டார். எடுத்ததும் அவருடைய ஆள்தான்.

யூகோசின் 78 சதவீத பங்கு கோடர்கோவ்ஸ்கியின் மெனாடெப் பாங்கு கைக்கு வந்தது. கொடுத்த பணம் 40 கோடி டாலருக்கும் குறைவு. 2003-ல் அதே கம்பெனியின் மதிப்பு 3,000 கோடி டாலர் அளவுக்கு ஏறி இருந்தது. லாபத்தை நீங்களே கணக்கு போட்டுக் கொள்ளுங்கள்.

பொதுஜனத்துக்கு ஒன்றும் இல்லையா? இருந்தது. 1992-ல் ஆளுக்கு ஒரு பங்குச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டின் மதிப்பு 10 ஆயிரம் ரூபிள். ஆனால் அந்த வருடம் விலைவாசி 25 மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. வயிறு கேட்குமா? பலர் வந்த விலைக்கு தெருவிலேயே விற்றுவிட்டார்கள்.

கைமாறு

1996 தொடக்கத்தில் எல்ட்சினுக்கு இருந்த ஆதரவு 10 சதவீதம் கூட இல்லை. கம்யூனிஸ்டு தலைவர் சுகானோவ் முன்னணியில் இருந்தார். அவர் வந்தால் சொத்து போய்விடும் என்று முதலாளிகளுக்கு உதறல். தங்களுக்குள் இருந்த சண்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பணத்தையும் டெலிவிஷனையும் எல்ட்சினுக்காக இறக்கினார்கள்.

முதல் சுற்றுக்கும் இரண்டாவது சுற்றுக்கும் நடுவில் எல்ட்சினுக்கு மாரடைப்பு. விஷயத்தை மறைத்து விட்டார்கள். ஜூலை 3-ந் தேதி அவரே ஜெயித்தார்.

கைமாறு சும்மாவா? பாங்கு அதிபர் பொட்டானின் துணைப் பிரதமர் ஆனார். இன்னொரு கோடீசுவரர் பெரிசோவ்ஸ்கிக்கு பாதுகாப்புக் கவுன்சிலில் பெரிய பதவி.

கணக்கு தப்பியது

எல்ட்சினுக்குப் பிறகு புதின். பெரிசோவ்ஸ்கியின் செல்வாக்கில் இருந்த டெலிவிஷன் புதினைத் தூக்கிப் பிடித்தது. நாம் ஏற்றி வைத்த ஆள்தானே என்று முதலாளிகள் நினைத்திருந்தால், அந்தக் கணக்கு தப்பு.

2000-ம் ஆண்டு மே மாதம் புதின் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். ஜூன் மாதமே இன்னொரு டெலிவிஷன் அதிபர் குசின்ஸ்கி கைது! வெளியே வந்தவர் நாட்டை விட்டே போனார். ஜூலை 28-ந் தேதி பெரிய முதலாளிகளை புதின் கூப்பிட்டுப் பேசினார். சொத்தை வைத்துக்கொள், அரசியலில் தலையிடாதே என்பதுதான் அன்று முதல் ஏற்பட்ட உடன்பாடு என்று சொல்வார்கள்.

ஆகஸ்டில் குர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 118 பேர் பலி. பெரிசோவ்ஸ்கியின் டெலிவிஷன் புதினை வறுத்து எடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் வெளிநாட்டுக்கு ஓட்டம். 2013-ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் பிணமாகக் கிடந்தார்.

கோடர்கோவ்ஸ்கி அடங்கவில்லை. எதிர்க்கட்சிகளுக்குப் பணம் கொடுத்தார். 2003 பிப்ரவரி 19-ந் தேதி கிரெம்ளின் மாளிகையில், டெலிவிஷன் காமிரா முன்னாலேயே, அரசாங்கத்தில் லஞ்சம் பற்றிப் பேசினார். உங்கள் கம்பெனிக்கு இவ்வளவு எண்ணெய் வந்தது எப்படி என்று புதின் திருப்பிக் கேட்டார். ஜூலையில் கூட்டாளி லெபடேவ் கைது. அக்டோபரில் இவர்.

இரண்டாவது ஏலம்

கோர்ட்டில் கோடீசுவரரை இரும்புக் கூண்டில் நிறுத்தினார்கள். 2005-ல் 9 ஆண்டு ஜெயில் என்று தீர்ப்பு. அப்பீலில் 8 ஆனது. சீன எல்லை அருகே உள்ள முகாமில் தையல் கூடத்தில் வேலை. பிறகு இன்னொரு வழக்கு, இன்னொரு தண்டனை. கடைசியில் 2013 டிசம்பரில் புதினே மன்னிப்பு கொடுத்து விட்டார்.

இது பழிவாங்கலா? கைதிலும் காவலிலும் உரிமை மீறல் நடந்தது என்று ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு 2011-ல் சொன்னது. ஆனால் அரசியல் நோக்கம் என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லை என்றும் சொன்னது.

யூகோஸ் என்ன ஆனது? வரி பாக்கிக்காக அதன் முக்கிய எண்ணெய் வயல் கம்பெனியை 2004 டிசம்பர் 19-ந் தேதி ஏலம் விட்டார்கள். சில நிமிடத்தில் முடிந்தது. எடுத்தது யாரும் கேள்விப்படாத புதுக் கம்பெனி. அது தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. விலை 935 கோடி டாலர்! சில நாளில் அந்தப் புதுக் கம்பெனியை அரசு எண்ணெய்க் கம்பெனி ரோஸ்நெப்ட் வாங்கிக் கொண்டது. ரோஸ்நெப்டின் தலைவர் சேச்சின், புதினுக்கு வேண்டியவர்.

பேனா எங்கே?

மற்ற முதலாளிகள்? பாடம் படித்துக் கொண்டார்கள். 2009-ல் பிகல்யோவோ என்ற ஊரில் சம்பளம் கிடைக்காத தொழிலாளர்கள் மெயின் ரோட்டையே மறித்தார்கள். அப்போது பிரதமராக இருந்த புதின் நேரில் வந்தார். அலுமினிய கோடீசுவரர் டெரிபாஸ்காவை டெலிவிஷன் காமிரா முன்னால் கூப்பிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்து போட வைத்தார். போட்டுவிட்டுத் திரும்பியவரிடம், பேனாவையும் திருப்பிக் கேட்டு வாங்கினார்!

ஜனங்கள் கை தட்டி இருப்பார்கள். ஆனால் வந்தது அவர்கள் உழைத்த சம்பளம்தானே?

முதல் ஏலத்தில் எண்ணெய் அரசாங்கத்திடம் இருந்து முதலாளிக்குப் போனது. இரண்டாவது ஏலத்தில் முதலாளியிடம் இருந்து அரசாங்கத்துக்குத் திரும்பி வந்தது. பங்குச் சீட்டை தெருவில் விற்றவரை இரண்டு ஏலத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.