மிளகாயின் நிறமும் எல்.இ.டி. பலகை விளக்கும்

சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்து விலை பேசிய காலம் போய், இன்று கைபேசியில் படம் பார்த்தே ஆர்டர் தருகிறார்கள். சென்ற ஆண்டு நாம் அனுப்பிய வற்றல் மிளகாய்ப் படத்தைப் பார்த்து, வெளியூர் வியாபாரி ஒருவர் "பழைய சரக்கா அண்ணாச்சி?" என்று கேட்டு மூட்டைக்கு விலையைக் குறைத்தார். சரக்கு புதிது, குற்றம் நம் கடை விளக்கில்.

வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதே. மலிவான விளக்கில் சிவப்பு ஒளி குறைவாதலால் மிளகாய் பழுப்படித்துத் தெரியும். ஆகவே விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் கேளாமல், சி.ஆர்.ஐ. எண்ணையும் பாருங்கள். வீட்டு விளக்குகளில் 80 அளவில் இருக்கும்; படத்துக்கு 95-க்கு மேல் வேண்டும். ஆர்9 என்று தனியே ஓர் எண் போட்டிருந்தால் அது சிவப்புக்கானது. மிளகாய் வியாபாரி அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 5600 கெல்வின் என்பது பகல் வெளிச்ச நிறம்; 3200 மஞ்சள். படம் எடுக்கையில் கடையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். இருவித ஒளி கலந்தால் நிறம் கெடும்.

நேர் எதிரே விளக்கு வைத்தால் பாலிதீன் பாக்கெட் பளபளத்து, அச்சடித்த பெயரே மறைந்துபோகும். பக்கவாட்டில் சாய்த்து வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் தொங்கவிடலாம். மறுபுறம் ஒரு வெள்ளை அட்டை, நிழலுக்கு.

சிலர் கைபேசியிலேயே சிவப்பைக் கூட்டி அனுப்புகிறார்கள். சரக்கு திரும்பி வந்தால் போக வர லாரி வாடகை நம் தலையில்தான்.