பெயிண்ட் போகாமல் ஒடுக்கு எடுக்கலாம்!

வண்டலூரைத் தாண்டியதும் வருவது ஊரப்பாக்கம். சென்னையில் இருந்து செங்கல்பட்டுக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலை இந்த ஊர் வழியாகத்தான் செல்கிறது. 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, பக்கத்தில் உள்ள கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. பஸ், கார், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் என்று எந்நேரமும் நெரிசல்தான்.

கடன் வாங்கி, ஆசையோடு வாங்கிய கார். மோட்டார் சைக்கிளின் கைப்பிடி கதவில் இடித்துவிட்டது. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒடுக்கு. ஆனால் பெயிண்ட் போகவில்லை. என்ன செய்வது?

பலர் உடனே டிங்கரிங் பட்டறைக்குப் போகிறார்கள். அங்கே ஒடுக்கைத் தட்டி, பெயிண்டைச் சுரண்டி, பட்டி வைத்துத் தேய்த்து, கதவு முழுவதும் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். சின்ன ஒடுக்குக்காக ஒரு கதவின் பெயிண்டே போய்விடுகிறது!

போனால் வராது

ஊரப்பாக்கத்துக்குத் தெற்கே மறைமலைநகரில் போர்டு கார் தொழிற்சாலை இருந்தது. 2022-ம் ஆண்டு அங்கே கார் உற்பத்தி நின்றுவிட்டது. இத்தகைய தொழிற்சாலைகளில் காரின் வெறும் கூட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் துரு பிடிக்காத அடிப்பூச்சு கொடுப்பார்கள். அதன் மேல் இன்னும் சில பூச்சுகள். பிறகு 100 டிகிரிக்கும் அதிகமான சூட்டில் வாட்டுவார்கள்.

பட்டறையில் அவ்வளவு சூடு வைக்க முடியாது. முழு வண்டியில் உள்ள ரப்பர், பிளாஸ்டிக், வயர் எல்லாம் கெட்டுவிடும். மாமல்லபுரம், கோவளம் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் வண்டிக்கு இந்த அடிப்பூச்சுதான் கவசம். அதைச் சுரண்டிவிட்டுச் சரியாக மூடாவிட்டால், பட்டிக்கு அடியிலேயே துரு ஏறும்.

குடத்துக்குச் செய்வது போல

பித்தளைக் குடம் ஒடுங்கினால் உள்ளே இருந்துதானே ஒடுக்கு எடுக்கிறார்கள்? காருக்கும் அதே யுக்திதான். ஆனால் கை நிதானம் வேண்டும். கதவின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது.

கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக நீளமான வளைந்த கம்பியை உள்ளே விடுவார்கள். வெளியே கோடு கோடாக ஒளி தரும் விளக்கை வைப்பார்கள். ஒடுக்கு உள்ள இடத்தில் ஒளிக்கோடு வளைந்து தெரியும். அதைப் பார்த்தபடி, கம்பி நுனியால் சிறிது சிறிதாக நெம்புவார்கள். கோடு நேரானால் ஒடுக்கு போய்விட்டது என்று அர்த்தம். அவசரப்பட்டு ஓங்கி நெம்பினால் தகடு முள்போல் புடைத்துப் பெயிண்ட் வெடிக்கும்.

உள்ளே கம்பி போகாத இடத்தில், பிளாஸ்டிக் பிடி ஒன்றைச் சூடான பசையால் வெளியே ஒட்டி இழுப்பார்கள். பிறகு பசையை எடுத்துவிடுவார்கள். ஏற்கனவே பட்டறையில் பெயிண்ட் அடித்த இடமானால் ஜாக்கிரதை! பசையோடு பெயிண்டும் உரிந்து வரலாம்.

எதற்குப் பலிக்காது?

பெயிண்ட் வெடித்திருந்தாலோ உரிந்திருந்தாலோ இந்த முறை உதவாது. கத்திபோல் மடிந்த ஒடுக்கும், கதவின் விளிம்பில் விழுந்த ஒடுக்கும் கடினம். பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதற்கு வழி வேறு.

வீட்டில் சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள். தகடு நீண்டுவிட்டால் தேர்ந்த கைக்கும் அது அடங்காது.

முதலில் ஒடுக்கை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் இல்லையா? விரல் நுனியால் தடவினால் வெடிப்பு தட்டுப்படவில்லையா? அப்படியானால், பட்டறைக்காரர் உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன்பே கேளுங்கள்: "பெயிண்டைத் தொடாமல் ஒடுக்கு எடுக்க முடியுமா?"

முடியாது என்றால் பெயிண்ட் அடிக்கும் வழி இருக்கவே இருக்கிறது. ஆனால் சுரண்டிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.