மூன்றில் எதைக் கொடுப்பது?

மூன்று துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் ஒன்றைப் போலீஸ் நிலையத்திலோ அனுமதி பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் இதற்குத் தந்த ஓராண்டு கெடு 2020 டிசம்பர் 13 அன்று முடிந்தது. மசோதா வந்தபோது ‘ஆளுக்கு ஒன்று’ என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ‘சரி, இரண்டு’ என்று இறங்கி வந்தார்கள். பொதுமக்கள் பாதுகாப்புக்காகப் போட்ட கணக்கு இவ்வளவு சுலபமாக இரட்டிப்பாகுமா என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

எந்த இரண்டை வைத்துக்கொள்வது என்பதைச் சட்டம் உரிமையாளரிடமே விட்டுவிட்டது. குழப்பம் அங்கேதான். தாத்தா காலத்து வெப்லி ரிவால்வரையா, அப்பா வாங்கிய கான்பூர் ரிவால்வரையா, தோட்டத்துக் காவலுக்கு வைத்திருக்கும் டபுள் பேரலையா என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். கூடவே ஒரு கொக்கி: “வெப்லி கம்பெனியே உத்தரப் பிரதேசத்தில் தொழிற்சாலை போடுகிறதாமே, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளலாமா?”

இதற்குப் பதில் சொல்ல, வெப்லி என்ற பெயருக்கு இந்த மதிப்பு எப்படி வந்தது என்று பார்த்தாக வேண்டும். பாதி மதிப்பு உழைத்துச் சம்பாதித்தது. 1887இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட பர்மிங்ஹாம் ரிவால்வர் அது. நடுவில் மடக்கித் திறந்தால் ஆறு காலித் தோட்டாக்களும் ஒரே நேரத்தில் வெளியே துள்ளும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றிலும் ஓடியது. போர் முடிந்ததும் அரசு அதே சாயலில் என்ஃபீல்டு ஆலையில் தானே ஒன்றைச் செய்துகொண்டது. வெப்லி மல்லுக்கு நின்று 1,250 பவுண்டு இழப்பீடு வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் என்ஃபீல்டால் ஈடுகொடுக்க முடியாமல் போகவே, அதே அரசு வெப்லியிடம் போய் ரிவால்வர் கேட்டது.

மீதிப் பாதி மதிப்பு இந்தியாவில் முளைத்தது. அதை முளைக்க வைத்தது சுங்கக் கதவு. 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்கு அரசு தாழ்ப்பாள் போட்டது. துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் ஒரு சந்து விட்டது. அதற்கு முன்பே, 1979இல், வெப்லி சுடுகலன் தயாரிப்பை விட்டுவிட்டு ஏர் கன்னோடு ஒதுங்கியிருந்தது. ஆக, நாட்டுக்குள் இருக்கும் பர்மிங்ஹாம் வெப்லிகளின் எண்ணிக்கை இனி குறையலாமே தவிர, பெருகாது. இன்னொரு பக்கம், கான்பூர் அரசு ஆலை .32 ரிவால்வரை விற்றது. அதன் வடிவமைப்பே வெப்லியைப் பார்த்துச் செய்ததுதான். அசலுக்குக் கதவை அடைத்துவிட்டு நகலைத் தனிக்கடையாக விற்றால் என்ன ஆகும்? அசலுக்கு லட்சக்கணக்கில் விலை கேட்பார்கள். கேட்டார்கள், கிடைத்தது. அந்த விலையில் பர்மிங்ஹாம் தொழிலாளியின் பங்கைவிடச் சுங்க இலாகாவின் பங்கு அதிகம்.

போட்டியில்லாத கடைக்காரர் எப்படிப் பேசுவார் என்பதற்குக் கான்பூரிலிருந்தே 2014இல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் சாட்சி. அரை கிலோ எடை, .32 ரகம், சுமார் 1.22 லட்சம் ரூபாய். பெண்களின் பாதுகாப்புக்கு என்று விளம்பரம். லைசென்ஸுக்கு அலைந்து, அவ்வளவு பணமும் கட்டக்கூடிய பெண்கள் எத்தனை பேர் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

வாசகர்கள் கேட்ட புதிய வெப்லிக்குப் போகும் முன், பெயரும் பட்டறையும் பிரிந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்; அமெரிக்காவின் மார்லின் கதை அதைத் தெளிவாகக் காட்டும். 1870இல் தொடங்கிய கம்பெனி; அதன் லீவர் ரைஃபிளுக்கு வேட்டைக்காரர்களிடம் நல்ல பெயர். 2007 கடைசியில் ரெமிங்டன் அதை வாங்குவதாக அறிவித்தது. 2011இல் கனெக்டிகட் ஆலையை மூடி, வேலையை வேறு ஊருக்கு மாற்றியது. இயந்திரம் போனது, அதன் கோணல்களைக் கைப்பழக்கத்தால் சமாளித்துவந்த தொழிலாளிகள் கூடப் போகவில்லை. கட்டைக்கும் உலோகத்துக்கும் இடையே சந்து, சாய்ந்து நிற்கும் குறிமுனை என்று புகார்கள் வந்தன. வாங்குபவர்கள் அவற்றுக்கு ‘ரெம்லின்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். குழலில் முட்டை வடிவ முத்திரைக்குள் ‘ஜே.எம்.’ என்றிருந்தால் பழைய ஆலை, ‘ஆர்.இ.பி.’ என்றிருந்தால் புதியது. பழையதன் விலை ஏறியது. ரெமிங்டன் திவாலாகி 2020இல் துண்டு துண்டாக விலைபோனபோது, மார்லினை ரூகர் கம்பெனி ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு எடுத்தது. ரெமிங்டனின் மற்றத் துப்பாக்கித் தொழில் போனது 1.3 கோடிக்கு. கெட்டுப்போன பெயருக்கும் இரண்டு மடங்குக்கு மேல் விலை!

இனி உத்தரப் பிரதேசம். ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவில், லக்னோ நிறுவனம் ஒன்றுடன் கூட்டாக வெப்லி .32 ரிவால்வர் தயாராகிறது. விலை சுமார் 1.6 லட்சம் என்றன 2020இல் வந்த செய்திகள். ‘உலகத் தரம் இந்தியாவில்’ என்ற கோஷத்தை அப்படியே விழுங்க வேண்டாம். வெப்லியின் பர்மிங்ஹாம் ஆலை 2005இல் மூடப்பட்டு, பெயர் கைமாறியது. சண்டீலாவுக்கு வந்திருப்பது அந்தப் பெயர். புதிய ரிவால்வர் நன்றாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1915இன் சேறு அதற்குச் சாட்சி சொல்லாது.

தாத்தாவின் துப்பாக்கியை எடுத்துப் பாருங்கள். அதன் உலோகச் சட்டகத்தின் பக்கவாட்டில் சிறகு வைத்த தோட்டா, குழலில் கிரீடத்தின் கீழ் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை முத்திரை இரண்டும் இருந்து, உள்ளே துரு இல்லையென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை இருந்து குழல் அரித்திருந்தால், நீங்கள் வைத்திருப்பது பெயரை மட்டும்தான். என் ஓட்டு கான்பூருக்கு.

மற்றக் கேள்விகள்.

வாரிசாக வந்தால் விலக்கு உண்டா? கிடையாது, அதுவும் இரண்டுக்குள் அடக்கம்.

துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு? தனி விதி, சங்கத்தில் கேளுங்கள்.

திருச்சி ஆலையின் தாக்குதல் ரைஃபிள் தனியாருக்குக் கிடைக்குமா? தடைசெய்யப்பட்ட ரகம்.

லைசென்ஸ் காலம்? 3 ஆண்டு 5 ஆகியிருக்கிறது.

கெடு தாண்டினால்? அடுத்த 90 நாளுக்குள் கூடுதல் துப்பாக்கியின் லைசென்ஸ் பறிபோகும் என்றது சட்டம்.

ஒப்படைப்பதற்குப் பணம் தருவார்களா? சட்டத்தின் அந்தப் பிரிவில் விலை என்ற பேச்சே இல்லை. ரசீதையாவது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.