பெயரிடும் உரிமையும் கணினி மொழித் தரங்களும்

கணினி மொழியொன்றின் தரம் திருத்தப்படுவதை வெறும் தொழினுட்பச் செய்தியாகக் கொள்வதே பெருவழக்கு. ஆயின், அத்தரம் எதனை எழுத்தென ஏற்கிறது, எதனை விலக்குகிறது என்னும் வினா ஒரு மொழியின் சமூக நிலையோடு தொடர்புடையது. 2024இல் வெளியிடப்பட்ட சி பிளஸ் பிளஸ் மொழியின் சர்வதேசத் தரம் இவ்வகையில் நமது கவனத்துக்குரியது.

செய்நிரல் எழுதுவோர் அதில் வரும் கணியங்களுக்கும் செயல்களுக்கும் தாமே பெயரிடுவர். தம்பிலுவிலில் வயற்கணக்கொன்றை எழுதும் மாணவர் 'குத்தகை', 'கூலி', 'விளைச்சல்' எனப் பெயரிட விரும்பலாம். ஒருங்குறியிலோ அகரமேறியவை நீங்கலான உயிர்மெய்களுக்குத் தனிக்குறியில்லை. 'கூ' என்பது ககரமும் ஊகாரத் துணைக்குறியுமாகவே பதியப்படும்; புள்ளியும் அத்தகைய துணைக்குறியே. 2009இல் அறிமுகமான கோ மொழியின் வரையறையில், பெயருக்குரிய எழுத்துகளுள் இத்துணைக்குறிகள் அடங்கவில்லை. ஆகவே அங்கு 'பல' பெயராகலாம், 'பயிர்' ஆகாது. தமிழை விலக்கும் நோக்கம் எவருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. உரோமன் எழுத்துக்குப் பொருந்தும் வரையறை பொதுவிதியாகிவிட்டது. தன் சிறப்பியல்பைப் பொதுமையெனக் காட்டுவதே ஆதிக்கக் கருத்துநிலையின் இயல்பு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சி பிளஸ் பிளஸின் 2011ஆம் ஆண்டுத் தரம், அனுமதிக்கப்படும் குறிகளைப் பரந்த எண் வீச்சுகளாகப் பட்டியலிட்டது. தமிழ் அதில் அடங்கியது. கண்ணுக்குப் புலனாகாத சில குறிகளும் அடங்கின. புதிய தரம் அப்பட்டியலைக் கைவிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருங்குறி வகுத்த பண்பையே அடிப்படையாகக் கொள்கிறது. அதன்படி துணைக்குறியும் புள்ளியும் பெயரின் முதலில் வாரா. எழுத்தைத் தொடர்ந்து வரலாம். தமிழ்ச் சொல்லின் அமைப்புக்கு இது முற்றும் இயைந்தது.

இன்னொரு திருத்தமும் குறிப்பிடத்தக்கது. 'போடியார்' என்பதன் முதலெழுத்தைப் பகரமும் ஓகாரக்குறி ஒன்றுமாகவும், பகரமும் ஏகாரக்குறியும் காலுமாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை இரு வேறு தொடர்கள். புதிய தரம் ஒன்றிணைந்த முதல் வடிவை மாத்திரமே ஏற்கும். ஒரே சொல் இரு பெயராகிக் கணக்கைக் குழப்பும் இடர் இதனால் நீங்குகிறது.

நமது உயர்தர வகுப்பு மாணவர் கற்கும் பைதன் மொழி, 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பிலிருந்தே தமிழ்ப் பெயர்களை ஏற்று வந்துள்ளது. மேற்கூறிய இரு வடிவங்களையும் அது ஒன்றாகவே கொள்ளும். எனினும் இம்மொழிகளின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. பல மொழியினர் ஒன்றுகூடி உழைக்கும் துறைக்குப் பொது ஊடகம் தேவை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் கற்கும் பருவத்தில், தமிழிற் சிந்தித்த கருத்தை உரோமன் எழுத்துக்குள் அடக்கும் மேலதிகச் சுமை யார்மீது விழுகிறது என்று கேட்டாக வேண்டும். ஆங்கிலச் சூழலில் வளர்ந்த பிள்ளை அதனைச் சுமப்பதில்லை. உழவர் வீட்டுப் பிள்ளையும் மீனவர் வீட்டுப் பிள்ளையுமே சுமக்கின்றனர்.

தரம் தருவது அனுமதி மாத்திரமே. தம்பிலுவில் முதற் கல்முனை வரையுள்ள பாடசாலைகளில், பாடநூலும் ஆசிரியரும் தமிழ்ப் பெயர்களைக் கையாளத் தொடங்கும்போதுதான் அது உரிமையாகும்.