கண்ணாடி யன்னலும் வெயிலின் வெப்பமும்

பாரிஸ் மாநகரில் 1933ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஒரு பெரிய விடுதி திறந்துவைக்கப்பட்டது. வீடுவாசலற்ற ஏழை மக்கள் தங்குவதற்கென இரட்சணிய சேனையார் அமைத்த அக்கட்டிடத்தை வரைந்தவர் லெ கொர்புசியே என்னும் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர். அதன் தென்புறச் சுவர் முழுவதும் கண்ணாடி; திறக்கக்கூடிய யன்னல் ஒன்றேனும் அதில் இல்லை. இரட்டைக் கண்ணாடியும், காற்றைக் குளிர்விக்கும் பொறிகளும் முதலில் திட்டத்தில் இருந்தன. பணமுடையினால் இரண்டும் கைவிடப்பட்டன. குளிர்காலத்தில் குறை பெரிதாகத் தோன்றவில்லை. கோடை வந்ததும் உள்ளே இருந்தோர், குறிப்பாகக் குழந்தைகள், புழுங்கித் தவித்தனர். அதிகாரிகளின் வற்புறுத்தலால் 1935இல் திறக்கும் யன்னல்கள் பொருத்தப்பட்டன. கண்ணாடிக்கு வெளியே வெயிலை மறிக்கும் தடுப்புகள் அமைந்ததோ இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே.

கண்ணாடி ஏன் இவ்வாறு செய்கிறது? சூரியன் அனுப்பும் சக்தியில் ஏறக்குறையப் பாதிதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. எஞ்சியதில் பெரும்பகுதி கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர். சிறு பகுதி ஊதா கடந்த கதிர். சாதாரண யன்னற் கண்ணாடி இவற்றுள் 100க்கு 80 பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடுகிறது. கதிர் பட்ட தரையும் மேசையும் சூடேறித் தாமும் வெப்பத்தை வீசுகின்றன. ஆனால் அவ்வெப்பம் நீண்ட அலைகளாக வருவது. கண்ணாடி அதனை ஊடுருவ விடாது. வெயிலிலே பூட்டி நிறுத்திய மோட்டார் வண்டியின் கதவைத் திறந்தவர் எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்த வெயிலைக் கண்ணாடியிலேயே மறிப்பதற்கு 1960களில் அமெரிக்காவிலே ஒருவகை மென்படலம் உருவாக்கப்பட்டது. மயிரிழையளவு தடிப்புள்ள பொலியெஸ்தர் தாள். அதன்மேல் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், ஒளி ஓரளவு ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். பின்புறத்தில் பசை. சவர்க்கார நீர் தெளித்து, கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டி, இறப்பர் விளிம்புள்ள கருவியால் நீரை வழித்தெடுப்பார்கள். நன்கு மின்னும் படலம் ஒட்டிய கண்ணாடி வெயிலின் வெப்பத்தில் 100க்கு 30 பங்கு அளவே உள்ளே விடும். ஆனால் வெளிச்சமும் ஐந்திலொரு பங்காகக் குறைந்துவிடலாம். பகலிலேயே விளக்கேற்ற நேர்ந்தால் இலாபத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடுகிறது. பின்னர் வந்த சில படலங்கள் செங்கீழ்க் கதிரை மட்டும் பெரிதும் தடுத்து, ஒளியில் 100க்கு 70 பங்கை உள்ளே விடுகின்றன. விலைதான் அதிகம்.

கடைக்குச் செல்வோர் பலர் ஏமாறுவது நிறத்திலேதான். கறுத்த படலம் கூடுதலாகக் குளிர்ச்சி தரும் என எண்ணுகின்றனர். வெறும் சாயமிட்ட படலம் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில்லை, தான் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதில் ஒரு பங்கு அறைக்குள்ளேயே வந்து சேரும். சாயமும் சில ஆண்டுகளில் வெளிறும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும்?" என்பதே.

இலங்கையில் வேறொரு கணக்கும் உண்டு. நடுப்பகலில் சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்பதால், அப்போது வெப்பத்தைத் தாங்குவது கூரை. தகரத்துக்கோ அஸ்பெஸ்தஸ் தகட்டுக்கோ கீழே புழுங்கும் வீட்டில் யன்னலுக்குப் படலம் ஒட்டுவது வீண்செலவு. அந்தப் பணத்தைக் கூரைக்குக் கீழே ஓர் உட்கூரை அமைக்கச் செலவிடலாம். காற்றுக்காக எந்நேரமும் திறந்திருக்கும் யன்னலுக்கும் படலத்தால் பயனில்லை. வடக்கு, தெற்குப் பக்க யன்னல்களை நீண்ட தாழ்வாரமே பெரும்பாலும் காத்துவிடும். காலையும் மாலையும் வெயில் சாய்ந்து நேரே நுழைவது கிழக்கு, மேற்கு யன்னல்கள் வழியாகத்தான். அங்கேயும் விறாந்தையோ, தட்டியோ, ஒரு மரமோ வெளியில் இருந்தால் படலத்தை விட நல்லது. வெப்பம் கண்ணாடியைத் தொடுமுன்னரே நின்றுவிடுகிறது அல்லவா? அதற்கு வழியற்ற மாடிக் கந்தோர்களிலும், குளிரூட்டும் பொறி ஓடும் மூடிய அறைகளிலுமே படலம் தன் விலையைத் திருப்பித் தரும்.

ஒட்டுமுன் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். வெப்பத்தை உறிஞ்சும் படலம் ஒட்டிய கண்ணாடியில் பாதி வெயிலிலும் பாதி நிழலிலும் இருந்தால், ஒரு பகுதி விரிய மறுபகுதி விரியாமல் விளிம்பிலிருந்து வெடிப்பு ஓடக்கூடும். கம்பி வலை பதித்த கண்ணாடியும் இரட்டைக் கண்ணாடியும் இந்த அபாயத்துக்கு எளிதில் உள்ளாகும். ஒட்டிய சில நாட்களுக்கு உள்ளே நீர்க்குமிழிகள் தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவை தாமே உலர்ந்துவிடும். சுத்தம் செய்ய மென்மையான துணியும் சவர்க்கார நீரும் போதும். உரசும் தூள் ஆகாது.

பகலில் மின்னும் படலம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முகம்பார்க்கும் கண்ணாடி போலத் தோன்றி வீட்டை மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரியும்போது நிலைமை தலைகீழாகும். தெருவில் நிற்பவருக்கு அறை முழுவதும் தெரியும். படலம் ஒட்டிய வீட்டிலும் திரைச்சீலையைக் கழற்றிவிட முடியாது.