சோழ அரியணையில் மகள் வயிற்றுப் பேரன்

எங்க படப்பையில ஃபேக்டரிகள் வந்து நிலத்தோட விலை ஏறினதும், பல வீட்டுல ஒரே சண்டை: "கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு எதுக்குப் பங்கு?" அதைக் கேட்டா எனக்கு முதலாம் குலோத்துங்கன் ஞாபகம்தான் வரும்.

அவரோட அப்பா ராஜராஜ நரேந்திரன், ஆந்திரப் பக்கம் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியர். அம்மா அம்மங்கைதேவி, ராஜேந்திர சோழனோட மகள். 1070-ல அதிராஜேந்திர சோழன் இறந்ததும் இவர் சோழ அரியணை ஏறினார். வேங்கியும் சோழ நாடும் ஒரே குடும்பத்துக்குக் கீழ வந்துச்சு.

ஐரோப்பாவுலயும் இப்படி நடந்திருக்கு. 1386-ல லிதுவேனியாவோட யோகைலா, போலந்து அரசி யாத்விகாவைக் கல்யாணம் பண்ணி அங்க ராஜாவானார். அங்க மாப்பிள்ளை, இங்க பேரன்.

தாராசுரம் கோயிலைக் கட்டின இரண்டாம் ராஜராஜன், குலோத்துங்கனோட கொள்ளுப்பேரன். பொண்ணு வழியை ஒதுக்கியிருந்தா அந்தக் கோயில் ஏது? 2005 சட்டத் திருத்தமும் இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்துல மகளுக்குச் சம பங்குன்னுதான் சொல்லுது. அடுத்த சண்டையில இதைச் சொல்லுங்க.