உஷார்! ‘மச்சான், உன்ட பேரைப் போடட்டா?’

பல்கலைக்கழக விளையாட்டுக் கழகங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கினால் போதும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற நம் பிள்ளைகளின் ஃபோன்களில் ஒரே மாதிரியான செய்தி வந்து விழும். ‘மச்சான், கமிட்டிக்கு உன்ட பேரைப் போடட்டா? ஒரு வேலையும் இல்ல. சும்மா பேர் மட்டும்தான்.’

அவசரப்பட்டு ‘ஓகே மச்சான்’ என்று தட்டிவிடாதீர்கள். வேலையே இல்லாத பதவிக்கு ஏன் இரவு பதினொரு மணிக்கு ஆள் தேடுகிறார்கள்? அதை முதலில் கேளுங்கள்.

தேர்தலில் நிற்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நிற்கத்தான் வேண்டும். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தில்தான் 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி ஆரம்பமானது. அந்த மைதானத்துக்கு வைத்திருப்பது பி. சரவணமுத்து என்ற கிரிக்கெட் நிர்வாகியின் பெயர். கமிட்டி வேலையை ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் விளையாட்டில் இடமுண்டு என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆனால், என்னவென்று தெரியாமல் பெயரைக் கொடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

உங்களை ஏன் தேடி வருகிறார்கள்?

காரணங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, தலைவர் பதவிக்கு நிற்பவருக்குத் தமிழ் மாணவர்களின் வாக்கு வேண்டும். பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் அந்த பேட்ச் அப்படியே வந்து வாக்குப் போடும் என்பது கணக்கு. இரண்டு, ‘எல்லாரையும் சேர்த்துக்கொண்டு போகிறோம்’ என்று நிர்வாகத்துக்குக் காட்டவேண்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. அந்தப் பதவியில் ஏற்கெனவே ஏதோ சிக்கல் இருக்கிறது, தெரிந்தவர்கள் எவரும் அதை ஏற்கத் தயாராக இல்லை.

எது உண்மையான அழைப்பு, எது ஒப்புக்குக் கூப்பிடுவது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எந்தப் பதவிக்கு, எப்போது கேட்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஆட்டத்தைப் பார்த்து, பயிற்சிக்கு ஒழுங்காக வருவதைப் பார்த்து, இரண்டு மாதத்துக்கு முன்பே ‘செயலாளராக நில்’ என்று ஒருவர் கேட்டால் அது மரியாதை. பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் இரவு ‘இளம் பொருளாளர் மட்டும்தான் மச்சான் காலியா இருக்கு’ என்று வந்தால், அபாயமணி அடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து உங்களுடையது, கடனும் உங்களுடையது

நம் பல்கலைக்கழகச் சங்கங்களில் வழமையாக இரண்டு பொருளாளர்கள் இருப்பார்கள். விரிவுரையாளர் ஒருவர் பெரும் பொருளாளர், மாணவர் ஒருவர் இளம் பொருளாளர். காசோலையில் இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் பணம் வெளியே போகும். மாணவரையும் கழகத்தையும் காப்பாற்றுவதற்கென்றே வைத்த ஏற்பாடு இது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? பெரும் பொருளாளர் பரீட்சை வேலையில் இருப்பார், கையெழுத்து வாங்க இரண்டு கிழமை ஆகும், அதற்குள் போட்டி வந்துவிடும். ‘இப்போதைக்கு உன்ட அக்கவுண்டுக்குப் போடச் சொல்லுவம், பிறகு சரிபண்ணுவம்’ என்று யாரோ சொல்வார். அந்த ‘பிறகு’ பெரும்பாலும் வருவதேயில்லை.

ஜேர்சிக் கணக்கொன்றைப் போட்டுப் பாருங்கள். 60 ஜேர்சி, ஒன்று 2,500 ரூபாய், மொத்தம் 150,000. அச்சடிப்பவர் பாதியை முற்பணமாகக் கேட்கிறார். 75,000 உங்கள் தனிப்பட்ட கணக்கிலிருந்து போகிறது. ஜேர்சி வந்ததும் 60 பேரும் அள்ளிக்கொண்டு போகிறார்கள், பணம் தந்தவர் 38 பேர். உங்கள் கைக்கு வந்தது 95,000, கட்டவேண்டியது 150,000. குறைகிற 55,000க்கு அச்சடிப்பவர் யாருக்கு அழைப்பெடுப்பார்? தலைவருக்கு எடுக்கமாட்டார். பில்லில் பெயரும் கையெழுத்தும் இருப்பவருக்குத்தான் எடுப்பார். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாணவர்களின் மாதாந்த மகாபொல கொடுப்பனவை 5,000இலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் ஏழு மாத மகாபொலவை முழுதாகக் கொட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

காலி வீதி நெடுகிலும் இருக்கிற தனியார் பட்டப்படிப்பு நிறுவனங்களில் படிக்கும் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக உஷாராக இருக்கவேண்டும். அங்கே பல கழகங்களுக்குப் பெரும் பொருளாளர் என்று ஒருவரே இருக்கமாட்டார், கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் இருக்காது. அனுசரணைப் பணம் நேரே ஒரு மாணவரின் கணக்குக்கு வரும். ஆறுபேர் கிரிக்கெட் சுற்றுப்போட்டி ஒன்று நடத்தி, மழை பெய்து ஆட்டம் கைவிடப்பட்டால், அனுசரணையாளர் கேட்கும் கேள்விக்குத் தனியாளாக நின்று பதில் சொல்லவேண்டியவர் அந்த மாணவர்தான்.

ஆகவே சட்டம்போல வைத்துக்கொள்ளுங்கள்: கழகப் பணம் ஒரு ரூபாயும் உங்கள் சொந்தக் கணக்கைத் தொடக்கூடாது. வாங்குகிற ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு. பணம் முழுதாகச் சேர்ந்த பிறகே ஓடர்.

பழைய கமிட்டியின் குப்பை

பதவியேற்கும்போது மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள். சாவியும் தருவார்கள். அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் காட்டமாட்டார்கள். தேன் எடுத்தவர் புறங்கையை நக்கிவிட்டுப் பட்டம் பெற்றுப் போய்விடுவார், குளவி உங்களுக்கு மிஞ்சும்.

போன ஆண்டுக் கணக்கறிக்கை கணக்காய்வு செய்யப்பட்டதா? வங்கி மீதி எவ்வளவு? கொடுக்க வேண்டிய பாக்கி யார் யாருக்கு? பொருட்பதிவேட்டில் எழுதியிருக்கும் மட்டைகள், வலைகள், பந்துகள் உண்மையிலேயே களஞ்சியத்தில் இருக்கின்றனவா? இதையெல்லாம் கையளிக்கும் அன்றே ஒவ்வொன்றாக எண்ணி, இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளில் எழுதிக்கொள்ளாவிட்டால், அடுத்த ஆண்டு காணாமல்போனதெல்லாம் உங்கள் தலையில் விழும்.

‘ஃப்ரெஷர்ஸ் ப்ராக்டிஸ்’ என்ற பெயரில்

பணத்தைவிடப் பயங்கரமானது இது. புதிதாக வந்த பிள்ளைகளை மைதானத்துக்குக் கூப்பிட்டு, ‘உடம்பைத் தேத்துறம்’ என்ற பெயரில் வாட்டி எடுப்பது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. பிந்தி வந்ததற்கு இருபது சுற்று, முறைத்துப் பார்த்ததற்கு நூறு தோப்புக்கரணம். சீனியர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். கமிட்டி உறுப்பினரான நீங்களும் பக்கத்தில் நிற்பீர்கள்.

1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குப் படிக்கப்போன வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், பகிடிவதையில் அளவுமீறிய உடற்பயிற்சி செய்யவைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். ஆம், உடற்பயிற்சியால்தான். எல்லை கடந்து வருத்தினால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். வெயிலில் தண்ணீர் குடிக்கவிடாமல் வருத்தினால் ஆபத்து இன்னும் கூடும்.

அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. உடலுக்கோ மனதுக்கோ காயமோ அச்சமோ ஏற்படுத்தக்கூடிய எந்தச் செயலும் அதன்படி பகிடிவதைதான். வளாகத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம். இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை கிடைக்கலாம், பாரதூரமான காயம் ஏற்பட்டால் பத்து ஆண்டு வரை போகும். ‘நான் செய்யேல்ல, பார்த்துக்கொண்டுதான் நிண்டனான்’ என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். செய்பவரை மட்டுமல்ல, அதில் பங்குகொள்பவரையும் சட்டம் பிடிக்கிறது. பயிற்சிக்கு அழைத்த அறிவித்தலில் கமிட்டியின் பெயர் இருந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர்களில் நீங்களும் ஒருவர்.

வாட்ஸ்அப்பில் வாய் நீண்டால்

எதிர்த்து நிற்பவரைப் பற்றி ஒரு ஸ்கிரீன்ஷொட் வரும். ‘போன வருஷம் காசு அடிச்சவன்’ என்று கீழே எழுதியிருக்கும். அது வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். ஆராயாமல் ஐந்து குழுக்களுக்கு அனுப்பிவிடுவீர்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவதைத் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் பொலிஸில் முறைப்பாடு போனால் விமர்சனம் உங்களுக்குத் துணை வராது. பல்கலைக்கழக ஒழுக்காற்று விசாரணை வேறு. பூப்பந்துக் கழகத்தின் உபசெயலாளர் பதவிக்காக இதெல்லாம் தேவையா?

பெரியவர்கள் ஆடிய ஆட்டம்

‘சின்னக் கழகத் தேர்தல்தானே’ என்று நினைப்பவர்கள் 2023ஐத் திரும்பிப் பார்க்கட்டும். ஜனவரி 14இல் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் தேர்தல் நடந்தது. ஒரு கிழமைக்குள், 21ஆம் திகதி, ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசி வரை தடை நீடித்தது. அந்த ஆண்டு ஜூனில் பெங்களூருவில் தொடங்கிய தெற்காசியக் கிண்ணத்தில் நம் அணி ஆடவேயில்லை.

அதே ஆண்டு நவம்பர் 2இல் மும்பையில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்கு இலங்கை அணி சுருண்டது. 6ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் கிரிக்கெட் நிர்வாகத்தைக் கலைத்து இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 10ஆம் திகதி ஐ.சி.சி. இலங்கையை இடைநிறுத்தியது. அதோடு நிற்கவில்லை. இலங்கையில் நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தைத் தென்னாபிரிக்காவுக்குத் தூக்கிக்கொடுத்தது. 2024 ஜனவரி 28இல் தடை நீங்கியபோது அந்தச் சுற்றுப்போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கதிரைக்குச் சண்டை பிடித்தவர்கள் யாரும் ஆட்டத்தை இழக்கவில்லை. சொந்த மண்ணில், வீட்டார் பார்த்திருக்க உலகக் கிண்ணம் ஆடியிருக்கவேண்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் இழந்தார்கள். உங்கள் கழகத்திலும் யாப்பை மீறி ஒரு தேர்தல் நடந்து, யாராவது ஆட்சேபித்து, நிர்வாகம் கழகத்தை முடக்கினால், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுத்தவர்தான் வெளியே நிற்பார்.

80 சதவீதம் மறந்துபோகும்

பல பீடங்களில் விரிவுரை வரவு 80 சதவீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பயிற்சி, மைதானத்துக்கு அனுமதிக் கடிதம், உடற்கல்விப் பிரிவுக்கு அலைச்சல், அனுசரணை தேடி அலைவது என்று எல்லாம் முடித்து 155 பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வர எட்டு மணியாகும். காலை எட்டு மணி விரிவுரை முதலில் கைவிடப்படும். அம்மாமார், அப்பாமார் ‘கமிட்டியில இருந்தா வேலைக்குப் போகேக்க நல்லம்’ என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கமிட்டிச் சான்றிதழுக்குப் பக்கத்தில் ரிப்பீட் போட்ட பாடங்களின் பட்டியலும் போகும்.

பேனையை எடுக்கமுதல்

கழகத்தின் யாப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். யார் நிற்கலாம், யார் வாக்களிக்கலாம், சந்தா கட்டாதவருக்கு வாக்குண்டா, கூட்டம் செல்லுபடியாக எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நியமனப் பத்திரத்தில் பதவியின் பெயர் எழுதாமல் வெறுந்தாளில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கட்டும், உங்களுக்குப் பெயரே தெரியாத ஒருவர் ஏன் உங்களை முன்மொழிகிறார் என்று யோசியுங்கள். கூட்டத்தில் உங்களைத் தெரிவுசெய்ததாகக் கூட்டக்குறிப்பில் எழுதினார்களா என்று பார்த்து, ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நீங்கள் ஒத்துக்கொள்ளாத ஒரு முடிவைக் கமிட்டி எடுத்தால், உங்கள் மறுப்பையும் அதில் பதியச் சொல்லுங்கள். விலக நேர்ந்தால் எழுத்தில் விலகுங்கள். ‘குழுவிலிருந்து வெளியேறினார்’ என்று வாட்ஸ்அப் காட்டுவது இராஜினாமா ஆகாது.

உங்கள் பெயரைப் போடக் கேட்பவரிடம் இன்றிரவே திருப்பிக் கேளுங்கள்: வங்கியில் எவ்வளவு இருக்கிறது, கடன் எவ்வளவு, என் கையெழுத்து எங்கெங்கே விழும்? நேரான பதில் வந்தால் துணிந்து நில்லுங்கள், ஊரைக் கூட்டி வாக்குக் கேளுங்கள், வென்று காட்டுங்கள். ‘அதெல்லாம் பிறகு பாப்பம் மச்சான்’ என்று வந்தால், உங்கள் பதிலும் அதுவாகவே இருக்கட்டும்.